எதில் சிக்கனம்?

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டார். சங்க இலக்கியம் பற்றியோ, என் ஆராய்ச்சிப் பொருள் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எழுதப் புகுந்திருப்பதோ நீரிழிவைப் பற்றி. அதிலும் கருவுற்ற காலத்தில் காணும் நீரிழிவைப் பற்றி. "மாணவர் மலரில் மகப்பேற்றுக்கு என்ன வேலை?" என்று இளந்தோழர்கள் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். மணமான ஆராய்ச்சி மாணவர் விடுதியில் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஊரிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தத் தில்லி மாநகரில், தாயும் மாமியும் அருகில் இல்லாமல், இந்தி பேசத் தடுமாறிக்கொண்டு, உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிட்டு அவர்கள் கருவைச் சுமக்கிறார்கள். மணமாகாதவர்க்கும் அக்காள் உண்டு, அண்ணி உண்டு. ஆகவே இது நம் எல்லார்க்கும் உரிய செய்தியே.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள், வரலாறு படிப்பவள். இங்கே நான் சொல்வன, பட்டுத் தெரிந்துகொண்டவையும், மருத்துவரைக் கேட்டும் அரசின் வழிகாட்டு நெறிகளைப் படித்தும் தெளிந்தவையும் ஆகும். மருந்தின் அளவை இக்கட்டுரையில் தேட வேண்டா. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் கையில் பணம் குறைவாக இருக்கும்போது எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யவே கூடாது என்பதை நான் சொல்ல முடியும். ஏனெனில் செய்யக் கூடாத இடத்தில் சிக்கனம் செய்து துன்புற்றவள் நான்.

ஒரு தம்ளர் இனிப்பு நீர்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் கருவுற்றேன். அப்போது எனக்கு மாதம் 8000 ரூபாய் உதவித்தொகை. அதுவும் மாதந்தோறும் வாராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில வேளை நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். என் கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதி வந்தார். இருவர் வருவாயும் சேர்ந்து, வாடகைக்கும் உணவுக்கும் ஊருக்கு அனுப்பவும் சரியாக இருக்கும்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாளே 75 கிராம் குளுகோஸை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்துப் பருகச் சொன்னார்கள். சரியாக இரண்டு மணி நேரம் கழித்துக் குருதி எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. "ஆறாம் மாதத்தில் மறுபடியும் இதே சோதனை உண்டு; மறவாதே" என்றார் மருத்துவ அம்மையார். ஆறாம் மாதம் வந்தபோது, "முதல்முறை ஒன்றும் இல்லை என்றார்களே, மறுபடி எதற்கு அரை நாளை வீணாக்க வேண்டும்?" என்று என் மனம் சொல்லிற்று. எனினும் போனேன். போனது நல்லதாயிற்று. அன்று அளவு 168 என்று வந்தது. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கருக்கால நீரிழிவு என்று கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையின் சிறப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. முன்பு எப்போது உண்டிருந்தாலும் செய்யலாம். நெடுந்தொலைவிலிருந்து பேருந்தில் வரும் ஏழைப் பெண்ணைப் பட்டினியாக வரச் சொல்லி, மறுநாளும் வரச் சொன்னால் அவள் வரமாட்டாள் என்பதை உணர்ந்து வகுத்த முறை இது. இம்முறையை நாடெங்கும் பரப்பப் பெரிதும் பாடுபட்டவர்களுள் முன்னிற்பவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச்சு 10, கருக்கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கொண்டாடப்படுகிறது. கருவுற்ற பெண்கள் எல்லார்க்கும் இச்சோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2007ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. மைய அரசின் நலவாழ்வுத் துறை 2014இல் நாடு முழுமைக்குமான நெறிகளை வெளியிட்டு, 2018இல் அவற்றைத் திருத்தியது. அந்நெறிகளின்படி சோதனை இருமுறை: கருவுற்று முதன்முதல் மருத்துவமனைக்குப் போகும்போது ஒன்று, 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையே மற்றொன்று. நான் தவறவிட இருந்தது இந்த இரண்டாவதைத்தான். "எனக்கு உடம்பில் ஒன்றும் தோன்றவில்லையே" என்று சொல்லிப் பயனில்லை. பெரும்பாலோர்க்கு ஒன்றும் தோன்றாது.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குளுகோஸாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அதைத் தசைகளுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கரு வளர வளர நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் சில நீர்கள் இன்சுலினின் வேலைக்குத் தடையாக நிற்கின்றன. தாய் உண்டதில் ஒரு பங்கு குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடு செய்துவிடுகிறது. ஈடு செய்ய இயலாதவர்க்குச் சர்க்கரை ஏறுகிறது. ஆகவே இது தாயின் குற்றமும் அன்று. இனிப்புத் தின்றதற்குக் கிடைத்த தண்டனையும் அன்று.

குழந்தைக்கு இதனால் என்ன? தாயின் குருதியிலுள்ள குளுகோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சிறு கணையமே மிகுதியாக இன்சுலின் சுரக்க நேர்கிறது. அதன் பயனாகக் குழந்தை கொழுத்து வளர்கிறது. பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளலாம். தாய்க்கு அறுவை தேவைப்படலாம். தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். நோயைக் கவனியாது விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் உண்டு.

அஞ்ச வேண்டுவது இவ்வளவு. இனி ஆறுதல் தரும் செய்தியைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் இந்நோய் கண்ட 1000 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 100க்கு 4 குழந்தைகளுக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. உணவுமுறை, சர்க்கரை அளவெடுத்தல், வேண்டியபோது இன்சுலின் ஆகிய மூன்றும் பெற்ற பிரிவில் அது 100க்கு 1ஆகக் குறைந்தது. இந்த மூன்றில் எதுவும் பெருஞ்செல்வர்க்கு மட்டுமே எட்டும் பொருள் அன்று.

முதல் தவறு: உணவில்

சோதனையில் நோய் தெரிந்ததும் முதல் இரண்டு வாரம் உணவுமுறையும் நடையுமே மருந்து. "அரிசியைக் குறை, மூன்று வேளை உணவோடு இடையிடையே சிற்றுண்டியும் கொள்" என்றார் மருத்துவ அம்மையார். நான் என் அறிவைக் காட்டினேன். இரவு உணவை அடியோடு நிறுத்திவிட்டேன். சர்க்கரையும் இறங்கும், செலவும் குறையும் என்பது என் கணக்கு. இரண்டு வாரத்தில் என் எடை ஏறாமல் நின்றது. சிறுநீரில் கீட்டோன் இருப்பதாகச் சோதனை காட்டிற்று. உடம்பு உணவின்றித் தன் கொழுப்பையே எரிக்கிறது என்பதற்கு அது அடையாளம். காலைச் சர்க்கரையும் நான் எண்ணியபடி இறங்கவில்லை. பட்டினி கிடந்தால் ஈரல் தானே சர்க்கரையை வெளியிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். "இந்த நோய்க்குப் பட்டினி மருந்து அன்று மகளே, பட்டினி கிடப்பது நீ மட்டும் அன்று" என்று அவர் கடிந்துகொண்டார்.

இரண்டாம் தவறு: மருந்தில்

இரண்டு வாரம் கழித்து, உண்டு இரண்டு மணி நேரம் ஆனபின் என் அளவு 138. இருக்க வேண்டியது 120க்குக் கீழ். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ். உணவால் மட்டும் அடங்காதபோது மெட்பார்மின் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். மெட்பார்மின் விலை மிகக் குறைவு. பலருக்கு அதுவே போதும். எனக்கு அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்சுலினுக்கு மாற்றினார்கள்.

மருத்துவமனையில் இன்சுலினை இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு முறை மட்டும் கையிருப்பு இல்லை என்று சொல்லி, வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். உதவித்தொகை வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 10 மில்லி லிட்டர் குப்பி ஒன்றை ஏறத்தாழ 150 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த குப்பிக்குப் பணம் இருக்குமோ இராதோ என்ற அச்சத்தில், விதித்த அளவில் பாதியை மட்டும் பத்து நாள் போட்டுக்கொண்டேன். கணவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருகையில் வயிற்றை அளந்து பார்த்த மருத்துவருக்கு ஐயம் தோன்றியது. ஸ்கேன் எடுத்தார்கள். பனிக்குட நீர் மிகுந்திருந்தது. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு வாரத்துக்கு உரியதைவிடப் பெரிதாக இருந்தது. "மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னை வையவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தக் கணக்கை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்வேன்.

அந்தக் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு. ஆகவே 10 மில்லி லிட்டரில் 400 அலகு. எனக்கு அப்போது விதித்திருந்தது நாளொன்றுக்கு 12 அலகு. திறந்த குப்பியை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதன்பின் வீரியம் குறையும். நான்கு வாரத்துக்கு 12 அலகு வீதம் 336 அலகு. முழு அளவு போட்டுக்கொண்டாலே குப்பியில் மிச்சம் இருக்கும். பாதி அளவு போட்டதனால் நான் மிச்சப்படுத்தியது என்ன? ஒரு காசும் இல்லை! குப்பையில் கொட்ட வேண்டிய மருந்தைத்தான் கூட்டினேன். ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய்கூடப் பெறாத மருந்தை அஞ்சி அஞ்சிக் குறைத்து, என் குழந்தையைத் துன்பத்துக்கு ஆளாக்கினேன். அக்குழந்தை மூச்சுத் திணறிப் பிறந்து தனியார் மருத்துவமனையில் சில நாள் கிடக்க நேர்ந்திருந்தால், எத்தனை ஆண்டு உதவித்தொகை அதற்கு ஈடாகும்?

விதித்த அளவு நாளொன்றுக்கு 40, 50 அலகு என்று உயர்ந்தவர்க்கு ஒரு குப்பி பத்து நாளுக்கு மேல் வாராது. அவர்களுடைய பணக் கவலை மெய்யானது. அவர்களுக்கும் வழி மருந்தைக் குறைப்பது அன்று. "என்னால் வாங்க இயலவில்லை" என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்வது. நான் சொன்னவுடன், மக்கள் மருந்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். மருத்துவமனைச் சமூகநலப் பணியாளரிடம் அனுப்பினார்கள். அடுத்த வாரம் கையிருப்பு வந்ததும் எனக்கென ஒரு குப்பியை எடுத்து வைத்தார்கள். வறுமையைச் சொல்ல நாணினேன். அந்த நாணத்தின் விலை மருந்தின் விலையைவிடப் பெரிது.

சிரிஞ்சு பற்றி ஓர் எச்சரிக்கை. 40 அலகுக் குப்பிக்கு உரிய சிரிஞ்சு வேறு. 100 அலகு மருந்துக்கு உரிய சிரிஞ்சு வேறு. முன்னதற்கு மூடி சிவப்பு; பின்னதற்குச் செம்மஞ்சள். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். வாங்கும்போது குப்பியையும் கடையில் காட்டி, இரண்டிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாம் தவறு: நேரத்தில்

ஒரு நாள் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு கருத்தரங்குக்குப் போனேன். பேச்சு நீண்டது. இடையில் எழுந்து போவது மரியாதை அன்று என்று உட்கார்ந்திருந்தேன். சிற்றுண்டியும் இல்லை, நண்பகல் உணவும் இல்லை. வெளியே வந்து நூலகப் படியில் ஏறும்போது கை நடுங்கிற்று, உடம்பெல்லாம் வியர்த்தது, கண் இருண்டது. நம் சங்கத்துத் தம்பி ஒருவர் அவ்வழியே வந்தார். "அக்கா, என்ன செய்கிறது உங்களுக்கு?" என்றார். "சர்க்கரை" என்ற சொல்தான் என் வாயில் வந்தது. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று அவர் தயங்கியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்? அவர் தந்தைக்கும் இந்நோய் உண்டாம். அதனால் அவருக்குத் தெரிந்திருந்தது. தேநீர்க் கடைக்கு ஓடி, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து வந்து பருகச் செய்தார்.

இதை நீங்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு இவை தோன்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கொள்க. அளவு பார்க்கக் கருவி இல்லை என்றாலும் காத்திருக்க வேண்டா. மூன்று நான்கு தேக்கரண்டிக் குளுகோஸோ சர்க்கரையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். நினைவிழந்து கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அன்று முதல் என் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

குறைந்த செலவில் செய்யக் கூடியவை

தவறுகளைச் சொன்னேன். இனி, பணமின்றியும் செம்மையாகச் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

உணவு: சோற்றை விலக்க வேண்டியதில்லை. ஒரு வேளையில் குவித்து உண்ணாமல் பல வேளையாகப் பிரித்து உண்ண வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, கடலை, முட்டை, மீன் போன்றவை. கால் பங்கு சோறோ ரொட்டியோ. இவ்வூரில் மலிவாகக் கிடைக்கும் ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் வறுத்த கடலைமாவாகிய சத்துவும் நமக்கு நல்ல துணை. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு தம்ளர் மோரும் போதும். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைந்து ஏறும். பழச்சாறு வேண்டா, கொய்யாப் பழத்தைக் கடித்துத் தின்னலாம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் இவை தீங்கு செய்யா என்று ஊரிலிருந்து சொல்வார்கள். அவையும் சர்க்கரையே. பாகற்காயும் வெந்தயமும் உணவாக இருக்கட்டும். இன்சுலினுக்கு மாற்றாக மாட்டா. வளைகாப்பன்று ஐந்து வகைச் சோற்றில் வகைக்கு ஒரு பிடி உண்டேன். ஒருவர்க்கும் மனக்குறை இல்லை.

நடை: உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பது சர்க்கரையை இறக்கும். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் இதைவிட மலிவான மருந்து வேறில்லை.

அளவெடுத்தல்: கருவியை ஒருமுறை வாங்கிவிடலாம், சோதனைப் பட்டைகளே செலவு வைப்பவை. எனக்குப் பட்டை ஒன்றுக்கு 15 ரூபாய் ஆயிற்று. மருத்துவரிடம் கேட்டேன். இன்சுலின் அளவு நிலைப்பட்டபின், நாளொன்றுக்கு ஒரு பட்டை போதும் என்றும், இன்று வெறும் வயிற்றில், நாளை காலை உணவுக்குப்பின், மறுநாள் நண்பகல் உணவுக்குப்பின் என்று மாற்றி மாற்றிப் பார்த்து எழுதி வரலாம் என்றும் அவர் இசைந்தார். எல்லார்க்கும் இது பொருந்தாது. கேட்டே செய்ய வேண்டும்.

இன்சுலினைக் காப்பது: குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டு அதற்கு உரிய இடம். உறையும் அறையில் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து பயன்படாது. எங்களிடம் குளிர்ப்பெட்டி இல்லை. அகன்ற மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறு மண்பானையை வைத்து, மருந்தை உலர்ந்த டப்பாவில் மூடி அதற்குள் வைத்தேன். நாளுக்கு இருமுறை மணலில் நீர் தெளித்தேன். இந்த ஊர் வெயிலிலும் பானைக்குள் குளுமையாகவே இருந்தது.

அரசின் உதவிகள்: 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் மகப்பேறு, அறுவை, மருந்து, சோதனை, குருதி, உணவு, போக்குவரத்து ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கருவுற்ற பெண்களை மருத்துவரே பார்க்கும் இலவச முகாம் அரசு நிலையங்களில் நடக்கிறது. அது 2016இல் தொடங்கியது. இவை பிச்சை அல்ல; நமக்குரிய உரிமை.

முன்பே நீரிழிவு உள்ள தங்கைமார்க்கு ஒரு சொல். நீங்கள் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களிலேயே. அப்போது சர்க்கரை அடங்கியிருக்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். குருதி அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உண்ணும் மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. அவற்றை மருத்துவர் மாற்றித் தருவார். இன்சுலினை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தியால் உண்ண முடியாத நாளிலும் நிறுத்தாமல், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊருக்குப் புறப்படும்போது

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். எட்டாம் மாதத்தில் மருத்துவரைக் கேட்டுத் தமிழ்நாடு விரைவு வண்டியில் புறப்பட்டேன். இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். இந்த இரண்டு நாளில் தவறுவதற்கு வழிகள் பல. மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடக் கூடாது. கைப்பையில், ஈரத் துணி சுற்றிய டப்பாவில், சன்னல் வெயில் படாமல் வைக்க வேண்டும். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது. வண்டியில் சாப்பாடு எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. ஆகவே உணவு கைக்கு வந்தபின்னரே ஊசி போட்டுக்கொண்டேன். சப்பாத்தியும் வேகவைத்த முட்டையும் வறுகடலையும் கொண்டுபோயிருந்தேன். எதிரில் இருந்த அம்மையாரிடம் என் நோயையும், மயங்கினால் செய்ய வேண்டியதையும் சொல்லி வைத்தேன்.

இவற்றினும் முதன்மையானது தாய்சேய் நல அட்டையும் எல்லாச் சோதனைத் தாள்களும். இங்கே பார்த்த மருத்துவரும் அங்கே பார்க்கப் போகும் மருத்துவரும் பேசிக்கொள்ள அந்தத் தாள்களைத் தவிர வேறு வழியில்லை. ஊர் சேர்ந்த மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செவிலியரிடம் காட்ட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாட்டில் மகப்பேற்று நிதியுதவி வழங்கப்படுகிறது. அதைப் பெற விரும்புவோர் கருவுற்ற தொடக்கத்திலேயே ஊரில் பதிவு செய்யும் வழியைக் கேட்டறிய வேண்டும். எட்டாம் மாதத்தில் போய்க் கேட்ட எனக்குக் காலம் கடந்துவிட்டது.

கடைசி மாதங்களில் குழந்தையின் அசைவை நாள்தோறும் கவனித்தேன். அசைவு குறைந்தாலும், கடுந்தலைவலியோ பார்வை மங்கலோ முகவீக்கமோ கண்டாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

பிறந்த பின்

39ஆம் வாரத்தில் எனக்கு மகள் பிறந்தாள். 3 கிலோ 200 கிராம். அறுவை வேண்டியிருக்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் செய்தார்கள். தாய்ப்பாலே அவள் சர்க்கரையைக் காக்கும் முதல் மருந்து என்றார்கள். குதிகாலில் ஒரு துளி குருதி எடுத்துப் பார்த்தபோது அளவு சற்றுக் குறைவாக இருந்தது. மீண்டும் பால் கொடுத்து மீண்டும் பார்த்தார்கள், ஏறியிருந்தது. அந்த அரை மணி நேரம் எனக்கு ஓர் ஆண்டாகக் கழிந்தது. நான் பாதியாகக் குறைத்த அந்தப் பத்து நாள்களே என் நினைவில் நின்றன.

பிள்ளை பிறந்ததும் எனக்கு இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பலர் இத்துடன் நோய் போயிற்று என்று மறந்துவிடுகிறார்கள். ஆறாம் வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுகோஸ் சோதனை செய்ய வேண்டும். கருக்காலத்தில் நீரிழிவு கண்டவர்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வருகிறேன். இதுவரை நலம். மகளுக்கு இப்போது நான்கு வயது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வரலாற்று மாணவி என்ற முறையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1922ஆம் ஆண்டு சனவரியில்தான் மனிதர்க்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் நீரிழிவுள்ள பெண் பிள்ளை பெற்று, தாயும் சேயும் பிழைப்பது அரிது. அதைக் கண்டவர்கள் தம் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். இந்த மருந்து பணம் படைத்தவர்க்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். மருந்து மலிவாக இருந்தும், அதைக் கேட்க நாணி ஒரு பல்கலைக்கழக மாணவி பாதி அளவு போட்டுக்கொண்டாள் என்றால், குறை மருந்தில் இல்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. சங்க நிதியில் சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். குத்தும் ஊசியையும் குத்துகோலையும் மட்டும் ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தவே கூடாது. அவற்றை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். சங்க அறைக் குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டை மருந்துக்கென ஒதுக்குங்கள். இந்தி நன்கு பேசத் தெரிந்த மாணவ மாணவியர் நால்வர், மருத்துவமனைக்குத் துணை போக முன்வாருங்கள். பொங்கல் விழாச் செலவில் நூறில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது.

இந்த மலரைப் படிக்கும் தங்கை எவளேனும் என் நிலையில் இருந்தால், அவளுக்கு ஒரு சொல். புடவையில் சிக்கனம் செய். புத்தகத்தில் சிக்கனம் செய். ஊருக்குப் பேசும் பேச்சிலும் செய். உணவில், ஊசியில், சோதனையில் மட்டும் வேண்டா. கையில் பணம் இல்லையென்றால் வந்து சொல். மணமான மாணவர் விடுதியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.